மழைக்கணக்கும் இழப்புக்கணக்கும்: ஊவா மலைநாட்டிற் பயிர்நீர் மதிப்பீட்டின் வரலாறு

வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாது விட்ட கணக்குப் புத்தகம் ஒரு குடும்பத்தின் உண்மை நிலையை உணர்த்தமாட்டாது. இலங்கையின் நீர்வளம் பற்றிய பதிவுகள் நெடுங்காலம் இத்தகைய ஒருபக்கக் கணக்காகவே இருந்துவந்துள்ளன. எத்தனை அங்குல மழை பெய்தது, எந்த மாதத்திற் பெய்தது, எந்த ஆண்டிற் பொய்த்தது என்பனவெல்லாம் பதியப்பட்டன. பெய்த மழையில் எவ்வளவு பங்கு பயிரின் இலை வழியாகவும் மண்ணின் மேற்பரப்பு வழியாகவும் மீண்டும் வளிமண்டலத்தைச் சேர்ந்தது என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை முறையாக எண்ணப்பட்டதில்லை எனலாம்.

இக்குறைபாடு நாட்டின் எப்பகுதியைக் காட்டிலும் ஊவாவிலேயே தெளிவாகப் புலப்படுகின்றது. பதுளை நகரம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,750 மில்லிமீற்றர் மழையைப் பெறுகின்றது. இலண்டன் மாநகரம் பெறுவதோ ஏறத்தாழ 600 மில்லிமீற்றரேயாகும். எனினும் இலண்டனைச் சூழவுள்ள புல்வெளிகள் ஆண்டின் பெரும்பகுதியிற் பசுமை குன்றாதிருக்க, பதுளையைச் சூழவுள்ள பத்தனைப் புல்வெளிகள் ஆடி, ஆவணி மாதங்களிற் காய்ந்து கருகிவிடுகின்றன. மும்மடங்கு மழை பெறும் நிலம் வாடுவதும் அதனினும் குறைந்த மழை பெறும் நிலம் வாடாதிருப்பதும் ஏன் என்ற வினாவிற்கு மழைக்கணக்கு விடை தராது. இழப்புக்கணக்கே விடை தரும். அக்கணக்கு எவ்வாறு உருவாயிற்று, ஊவாவின் வயலுக்கும் தேயிலை மலைக்கும் அது எவ்வாறு பொருந்திற்று, அக்கணக்கிற் சேராது விடப்பட்டவை எவை என்பன ஈண்டு ஆராயப்படுகின்றன.

நிலமும் காற்றும்

பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது ஊவா மாகாணம். மத்திய மலைத்திணிவின் கிழக்குச் சரிவில் அமைந்த ஊவாப் பள்ளம், மேற்கிலும் தெற்கிலும் உயர்ந்த மலைத்தொடர்களாற் சூழப்பட்டுள்ளது. வெலிமடை, பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை, பசறை, லுணுகலை முதலிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களும், பள்ளத்தாக்குகளிற் படிவரிசையாக அமைந்த நெல்வயல்களும் இந்நிலத்தின் இரு முகங்களாகும். உமா ஓயா, பதுளு ஓயா, லொக்கல் ஓயா ஆகிய ஆறுகள் இங்கு தோன்றி வடக்கு நோக்கிப் பாய்ந்து மாவலி கங்கையைச் சேர்கின்றன.

மே மாதம் முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது தன் ஈரத்தை அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகின்றது. அச்சரிவிலுள்ள வட்டவளை ஆண்டில் 5,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையைப் பெறுவது இதனாலேயாம். ஈரத்தை இழந்த காற்று மலைமுகட்டைக் கடந்து ஊவாவினுள் இறங்கும்போது ஒவ்வொரு 100 மீற்றர் இறக்கத்திற்கும் ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் வெப்பம் கூடப்பெற்று, உலர்ந்த காற்றாக மாறுகின்றது. அல்ப்ஸ் மலைப்பகுதியில் 'போன்' என வழங்கப்பெறும் காற்றின் இயல்பும் இதுவே. கிழக்கிலங்கைத் தமிழ் மக்கள் இக்காற்றைக் 'கச்சான்' என்பர். பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலறிஞர் ஜோர்ஜ் தம்பையாபிள்ளை 1958ஆம் ஆண்டில் இக்கச்சான் காற்றைப் போன் வகைக் காற்றாக விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். மட்டக்களப்பு உழவரின் நாவில் வழங்கிய ஒரு சொல், உலக வளிமண்டலவியல் ஏட்டில் அவ்வடிவிலேயே இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

ஆகவே ஊவாவின் வறட்சிக்குக் காரணம் மழையின்மை மட்டுமன்று. மழை குறையும் அதே மாதங்களில், இருக்கும் ஈரத்தையும் கவர்ந்துசெல்லும் காற்று வீசுகின்றது. வரவு சுருங்கும்போதே செலவு பெருகுகின்றது.

அளவைக் கருவியின்றி அளந்த காலம்

பயிரின் நீர்த்தேவையை மதிப்பிடுதல் அறிவியலாளர் புதிதாகக் கண்டுபிடித்த தொழிலன்று. கண்டிய அரசின் காலத்தில் ஊவாவின் வயல் நிலம், அதில் விதைக்கத்தக்க நெல்லின் அளவைக்கொண்டே அளக்கப்பட்டது. ஓர் அமுணம் விதைநெல் விதைக்கத்தக்க நிலம் ஓர் அமுண நிலமாகும். நிலத்தின் பரப்பை அதன் விளைதிறனோடும் நீர்வசதியோடும் இணைத்து நோக்கிய அளவை இது எனலாம்.

வறண்ட ஆண்டுகளிற் கைக்கொள்ளப்பட்ட 'பெத்ம' வழக்கம் இதனினும் நுட்பமானது. குளத்திற் போதிய நீர் இல்லாவிடின் முழு வயலையும் விதையாது, குளத்தை அண்டிய ஒரு பகுதியை மட்டும் விதைப்பர். அப்பகுதியும் அதன் உரிமையாளருக்கே விடப்படுவதில்லை. வயலிற் பங்குள்ள யாவருக்கும் அவரவர் பங்கின் விகிதப்படி அப்போகத்துக்கு மட்டும் பகிர்ந்தளிக்கப்படும். இருக்கும் நீர் எத்தனை அமுண நிலத்தை அறுவடைவரை காக்கும் என்ற மதிப்பீடும், குறையை யார் ஏற்பது என்ற நீதியும் இவ்வழக்கத்தில் ஒருங்கே அடங்கியிருந்தன. பிற்கால அறிவியல் முதலாவதை மிக நுட்பமாக வளர்த்தது. இரண்டாவதை அது தன் பணியாகக் கொள்ளவில்லை.

இவ்வமைப்பு 1817–1818 ஊவா–வெல்லஸ்ஸக் கிளர்ச்சியோடு பேரழிவிற்குள்ளாயிற்று. தேசாதிபதி பிரவுண்றிக்கின் படைகள் கிளர்ச்சியை அடக்கும் பொருட்டு நெற்களஞ்சியங்களையும் வயல்களையும் நீர்ப்பாசன வேலைகளையும் அழித்தன. நூறாயிரம் வயல்கள் என்னும் பொருளமைந்த வெல்லஸ்ஸ, மக்களின்றிப் பாழ்பட்டது. பின்னர் 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டதோடு, குளத்தையும் வாய்க்காலையும் கூட்டாகப் பேணும் கட்டாயமும் தளர்ந்தது.

இந்நிலையிலேதான் பதுளை, இலங்கை நீர்ப்பாசன வரலாற்றில் எதிர்பாராத ஓர் இடத்தைப் பெறுகின்றது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றிய ஜோன் பெய்லி என்பார் ஊவாவின் நீர்ப்பாசனம் பற்றி 1855இல் ஓர் அறிக்கை தயாரித்தார். பழைய ஊர் வழக்கங்கள் வலுவிழந்தமையே வயல்கள் கைவிடப்பட்டமைக்கு முக்கிய காரணமென்பது அதன் சாரம். அக்காலத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் நிறைவேற்றிய 9ஆம் இலக்க நெற்காணி நீர்ப்பாசனச் சட்டம், ஊர்மக்களின் பழைய நீர்வழக்கங்களுக்கு மீண்டும் சட்டவலு அளித்தது. அச்சட்டத்தின் தோற்றத்திற்குப் பெய்லியின் அறிக்கை ஒரு தூண்டுகோலாயிருந்தது.

மழைமானியின் காலம்

பெய்லியின் கண் வயலின்மீது பதிந்திருந்த காலத்திலேயே ஊவாவின் மலைகள் கோப்பித் தோட்டங்களாக மாறிக்கொண்டிருந்தன. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாக இனங்காணப்பட்ட இடம் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியாகும். அடுத்த இருபதாண்டுகளிற் கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்தது. தோமஸ் லிப்ரன் 1890இல் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை விலைக்கு வாங்கினார். புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது.

உயர்நிலக் காடழிப்பு நீரூற்றுக்களைப் பாதிக்குமென்ற அச்சம் அக்காலத்திலேயே எழுந்தது. இங்கிலாந்தின் கியூ பூங்காப் பணிப்பாளராயிருந்த யோசப் ஹூக்கர் 1873இல் விடுத்த எச்சரிக்கையைத் தொடர்ந்து, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகள் விற்பனையினின்றும் விலக்கப்பட்டன. எனினும் தோட்டத்துரைமாரின் நீரறிவு பெரும்பாலும் மழைமானியோடு நின்றது. தோட்டந்தோறும் மழைமானி வைக்கப்பட்டு, நாடோறும் மழை அங்குலத்திற் குறிக்கப்பட்டது. இப்பதிவுகள் மிகுந்த மதிப்புடையவை என்பதில் ஐயமில்லை. ஆயின் அவை வரவுப் பதிவுகளே.

1900ஆம் ஆண்டில் நீர்ப்பாசனத் திணைக்களமும் 1907இல் கொழும்பு வானிலை ஆய்வகமும் நிறுவப்பட்டன. நீர்ப்பாசனப் பொறியியலாளர் அக்காலத்திற் கையாண்ட அளவை 'நீர்க்கடமை' எனப்படுவது. ஓர் ஏக்கர் நெல்லை அறுவடைவரை காக்க எத்தனை ஏக்கர்–அடி நீர் திறந்துவிட வேண்டும் என்பதை அது குறித்தது. இவ்வெண் அனுபவத்தாற் பெறப்பட்டது. அதனுள்ளே பயிர் பருகியது எவ்வளவு, மண்ணுள் ஊடுவடிந்தது எவ்வளவு, வாய்க்காலிற் கசிந்தது எவ்வளவு என்பன பிரித்தறியப்படவில்லை. வீணாக்கும் வழக்கமுடைய ஒரு குடியேற்றத்தில் அளந்த நீர்க்கடமை, அவ்வீணையே தேவையாக அடுத்த குடியேற்றத்திற்கும் விதித்துவிடும். இழப்பை அதன் கூறுகளாகப் பிரித்து நோக்கும் தேவை இங்கேயே எழுந்தது.

இழப்பை எண்ணிய அறிவியல்

நீர் ஆவியாதலை அளக்கும் முயற்சி ஐரோப்பாவிற் பழைமையானது. எட்மண்ட் ஹலி 1687இல் ஒரு சிறு தட்டிலிட்ட உப்புநீர் நிறை குறைவதை அளந்து, மத்தியதரைக் கடல் ஒரு நாளில் இழக்கும் நீரைக் கணிக்க முயன்றார். ஜோன் டால்ரன் 1802இல் ஆவியாதலின் வேகம் நீர்ப்பரப்பின் ஆவியமுக்கத்துக்கும் காற்றின் ஆவியமுக்கத்துக்குமுள்ள வேறுபாட்டைச் சார்ந்தது எனக் காட்டினார். ஆயினும் பயிரின் நீரிழப்பு, திறந்த நீர்ப்பரப்பின் இழப்பிலும் சிக்கலானது. வேர் உறிஞ்சிய நீர் இலைவாய்களினூடாக வெளியேறுவது ஆவியுயிர்ப்பு. மண்ணிலிருந்து நேரே வெளியேறுவது ஆவியாதல். வயலில் இவ்விரண்டையும் பிரித்து அளத்தல் அரிதாதலின், இரண்டும் சேர்ந்த இழப்பே கணக்கிற் கொள்ளப்படுகின்றது.

1948ஆம் ஆண்டு இத்துறையில் ஒரு திருப்புமுனையாகும். அவ்வாண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தோண்வெயிற், காலநிலைப் பாகுபாடு பற்றிய தமது கட்டுரையில் 'இயலளவு ஆவியாதல்–ஆவியுயிர்ப்பு' என்னும் கருத்தை நிலைநாட்டினார். நீர் குறைவின்றிக் கிடைக்கும்போது ஒரு நிலம் எவ்வளவு நீரை இழக்கக்கூடும் என்பதே அதன் பொருள். அதனை மாதச் சராசரி வெப்பநிலையையும் பகற்பொழுதின் நீளத்தையும் கொண்டு கணிக்க அவர் வழிகாட்டினார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பென்மன் வேறொரு வழியைக் கண்டார். நீர் ஆவியாதற்கு இரண்டு வேண்டும்: நீரை ஆவியாக்கும் சக்தி ஒன்று, எழுந்த ஆவியை அகற்றும் காற்று மற்றொன்று. ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.45 மெகாயூல் சக்தி வேண்டும். அச்சக்தியைத் தருவது சூரியக் கதிர்வீச்சு. ஆவியை அகற்றும் ஆற்றலோ காற்றின் வேகத்தையும் அதன் உலர்வையும் பொறுத்தது. வெயில், வெப்பநிலை, ஈரப்பதன், காற்று ஆகிய நான்கையும் ஒரே சமன்பாட்டினுள் பென்மன் இணைத்தார். 1965இல் மொன்ரீத், இலைவாய்கள் நீராவிக்குக் காட்டும் தடையையும் அதனுட் சேர்த்தார்.

பென்மன் சமன்பாட்டிற்கு வேண்டிய தரவுகள் கிட்டாத இடங்களில் ஓர் எளிய கருவி பயன்பட்டது. 'ஏ வகுப்புத் தட்டு' எனப்படும் அது 120.7 சென்ரிமீற்றர் விட்டமும் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் ஆழமும் உடைய உலோகத் தட்டு. மரச்சட்டத்தின்மேல் வைக்கப்பட்ட அதில் நாடோறும் குறையும் நீர்மட்டத்தை அளந்து, சூழலுக்கேற்ப ஏறத்தாழ 0.7 அல்லது 0.8 என்னும் குணகத்தாற் பெருக்கினால் பயிர்நிலத்தின் இழப்பு மதிப்பாகக் கிடைக்கும்.

ஐக்கிய நாடுகள் உணவு விவசாயத் தாபனம் இம்முறைகளைத் தொகுத்து 1975இல் ஒரு கைநூலாக வெளியிட்டு 1977இல் திருத்தியது. 1998இல் அதன் இடத்தைப் பென்மன்–மொன்ரீத் முறையை மட்டும் ஏற்ற புதிய கைநூல் பெற்றது. அதன்படி 12 சென்ரிமீற்றர் உயரமுள்ள பசும்புல்லே அளவுகோற் பயிர். அதன் இழப்பை முதலிற் கணித்து, பின்னர் ஒவ்வொரு பயிருக்குமுரிய பயிர்க் குணகத்தாற் பெருக்க வேண்டும். நடுவளர்ச்சியிலுள்ள நெல்லுக்கு அக்குணகம் 1.20. நிழல்மரமற்ற தேயிலைக்கு ஏறத்தாழ 1.00. நிழல்மரமுள்ள தேயிலைக்கு 1.15.

ஊவாவிற் பொருந்துமாறு

பிற நாட்டிற் பிறந்த சூத்திரம் ஊவாவிற்கு எவ்வளவு பொருந்தும்? தோண்வெயிற்றின் முறைக்கு வெப்பநிலைத் தரவே போதுமாதலால், கருவிகள் அருகிய நாடுகளில் அது விரைவிற் பரவிற்று. ஆனால் பதுளையில் மாதச் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் சில பாகைகளுக்குள்ளேயே ஏறி இறங்குகின்றது. ஆடி மாதத்தைப் பிற மாதங்களினின்றும் பிரித்துக் காட்டுவது வெப்பத்திலும் பார்க்கக் காற்றின் வேகமும் உலர்வுமே. வெப்பத்தை மட்டும் காணும் சூத்திரத்தின் கண்ணுக்குக் கச்சான் தெரியாது. கச்சான் வீசும் நிலத்தில் பென்மன் முறையே உண்மைக்கு நெருங்கியதென்பது இதனாற் பெறப்படும். ஒரு சூத்திரத்தின் தகுதி அது எழுதப்பட்ட நாட்டைக்கொண்டு அமைவதன்று. பயன்படுத்தப்படும் நிலத்தின் இயல்பைக்கொண்டே அது மதிக்கப்படல் வேண்டும்.

இலங்கையில் இவ்வறிவு நிலப்படமாகவும் நடைமுறை விதியாகவும் வடிவெடுத்தது. ஈரவலயம், வறள்வலயம் என்ற பழைய இருகூற்றுப் பாகுபாட்டுக்கு இடையில் இடைவலயம் ஏற்கப்பட்டு, 1970களில் நாடு 24 விவசாயச் சூழலியற் பிரதேசங்களாகப் பகுக்கப்பட்டது. 2003இல் அவை 46 ஆக விரிக்கப்பட்டன. ஊவாவின் பெரும்பகுதி இடைவலயத்திலும் அதன் தாழ்நிலம் வறள்வலயத்திலும் அடங்கும். நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் ஏ. ஜே. பி. பொன்றாஜா 1984இல் வெளியிட்ட சிறிய நீரேந்து பரப்புக்களுக்கான தலைவேலைகள் பற்றிய கைநூல், இத்தகைய கணிப்பைப் பொறியியலாளரின் அன்றாடக் கருவியாக்கியது.

இக்கணிப்பின் போக்கை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். இங்கு தரப்படுவன விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்ட எண்களேயன்றி ஒரு குறித்த வயலின் அளவீடுகளல்ல. வறண்ட மாதமொன்றில் அளவுகோற் பயிரின் இழப்பு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் எனக் கொண்டால், நெல்லின் இழப்பு 1.20 மடங்காகி 6 மில்லிமீற்றராகும். 30 நாட்களில் அது 180 மில்லிமீற்றர். ஊடுவடிதல் நாளொன்றுக்கு 3 மில்லிமீற்றராயின் மேலும் 90 மில்லிமீற்றர் சேர்ந்து, மொத்தம் 270 மில்லிமீற்றராகும். இனி வரவு. திட்டமிடுவோர் சராசரி மழையை நம்புவதில்லை. நான்கு ஆண்டுகளில் மூன்றில் நிச்சயமாகக் கிடைக்கக்கூடிய மழையையே கொள்வர். அஃது 70 மில்லிமீற்றர் எனின், அதில் 25.4 மில்லிமீற்றரைக் கழித்து எஞ்சியதை 0.67 ஆற் பெருக்குவது இலங்கையில் வழங்கும் விதி. அவ்வாறு பெறப்படும் பயன்தரு மழை ஏறத்தாழ 30 மில்லிமீற்றர். ஆகவே வயலுக்கு வேண்டியது 240 மில்லிமீற்றர். வாய்க்காலில் விடப்படும் நீரில் 60 வீதமே பயிரை அடையுமாயின், குளத்திலிருந்து திறக்க வேண்டியது 400 மில்லிமீற்றர். ஒரு ஹெக்டேயரில் 1 மில்லிமீற்றர் என்பது 10 கன மீற்றராதலின், ஹெக்டேயரொன்றுக்கு 4,000 கன மீற்றர் நீர் வேண்டும்.

இதே கணிப்பில், நாளிழப்பை 5 மில்லிமீற்றருக்குப் பதிலாக 4 மில்லிமீற்றர் எனத் தவறாக மதிப்பிட்டால் விடை 3,400 கன மீற்றராகக் குறையும். 1,000 ஹெக்டேயர் நிலத்தில் ஒரு மாதத்திலேயே 600,000 கன மீற்றர் நீர் கணக்கில் இல்லாமற் போகும். அக்குறை வாய்க்காலின் தலைப்பில் வயலுடையோரைத் தாக்குவதில்லை. கடைமடையில் வயலுடையோரையே தாக்கும். ஒரு மில்லிமீற்றர்ப் பிழை ஒரு குடும்பத்தின் அறுவடையாகும் என்பதை இது உணர்த்துகின்றது.

தேயிலை: கணக்கிலடங்காப் பயிர்

நெல்லுக்கு வாய்க்கால் உண்டு. மலைச்சரிவின் தேயிலைக்கு மழையும் மண்ணுமே உண்டு. ஊவாவின் தேயிலை மிகப்பெரும்பாலும் மழையை நம்பிய பயிராகும். வேர்ப்பரப்பின் மண் 120 மில்லிமீற்றர் நீரைத் தரவல்லது எனவும், தேயிலை நாளொன்றுக்கு 4 மில்லிமீற்றர் இழக்கின்றது எனவும் கொண்டால், அக்கையிருப்பு 30 நாட்களில் முடிந்துவிடும். மேல்மண் அரிக்கப்பட்டு அக்கையிருப்பு பாதியாகக் குறைந்த சரிவில் அது 15 நாட்களே தாங்கும். மண்ணரிப்பு என்பது மண்ணின் இழப்பு மட்டுமன்று, வறட்சியைத் தாங்கும் நாட்களின் இழப்புமாகும்.

தேயிலைக்கு மற்றொரு விசித்திர இயல்பு உண்டு. காற்றின் உலர்வு ஓர் எல்லையை மிஞ்சினால், மண்ணில் ஈரமிருந்தும் கொழுந்தின் வளர்ச்சி குன்றும். ஆவியமுக்கக் குறைபாடு ஏறத்தாழ 2.3 கிலோபஸ்காலைத் தாண்டும்போது இது நிகழுமென ஆபிரிக்காவின் மலாவியில் நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டின. எனவே தேயிலைக்கு நீர் பாய்ச்சுவதால் மட்டும் கச்சானை வெல்லமுடியாது. காற்றுத்தடை மரங்களும் நிழல்மரங்களும் மண்ணை மூடும் பத்திரக்கலவையும் இங்கு நீர்ப்பாசனத்திற்கு ஒப்பான பணியைச் செய்கின்றன.

எனினும் இதே கச்சானே ஊவாத் தேயிலையின் புகழுக்கும் காரணமாகும். யூலை முதல் செப்ரெம்பர் வரை உலர்காற்றில் மெல்ல வளரும் கொழுந்திலிருந்து பெறப்படும் தேயிலை தனிப்பட்ட நறுமணம் வாய்ந்தது. உலகச் சந்தை அதற்கு உயர்ந்த விலை தருகின்றது. பயிர் இழக்கும் நீர் ஏலவிற்பனையில் மணமாக விலைபெறுகின்றது எனலாம். அவ்விலையின் மறுபக்கமும் நோக்கத்தக்கது. தொழிலாளியின் நாட்கூலி பறித்த கொழுந்தின் நிறையோடு பிணைக்கப்பட்டுள்ளது. குறித்த நிறை சேர்ந்தாற் 'பேர்', சேராவிடின் 'அரைப்பேர்'. தேயிலைக்கு மணம் கூடும் மாதமே மலையிற் கொழுந்து குறையும் மாதம். சந்தைக்கு உயர்பருவமாயிருப்பது லயத்திற்கு வறட்பருவமாகின்றது.

கணக்கிற் சேராத நிரல்

1948ஆம் ஆண்டு பயிர்நீர்க் கணிப்பின் வரலாற்றில் மட்டும் முக்கியமானதன்று. இலங்கை சுதந்திரம் பெற்றதும், மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய குடியுரிமைச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டிலாகும். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. பின்னர் 1977இல் துரிதப்படுத்தப்பட்ட மாவலித் திட்டம் பதுளை மாவட்டத்தின் மகியங்கனைத் தாழ்நிலத்தையும் தன்னுள் அடக்கியது. இக்குடியேற்ற நிலங்களின் நீர்த்தேவை மில்லிமீற்றர்க் கணக்கிற் கணிக்கப்பட்டது. அந்நீர் ஊறும் மலைகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர், 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் வரையறைகளாலும் குடியுரிமை இன்மையாலும் அந்நிலங்களிற் பங்கு பெறும் வாய்ப்பினின்றும் விலக்கப்பட்டிருந்தனர். 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னரும் நீடித்த இந்நாடற்ற நிலை, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே முடிவுற்றது.

தோட்ட மக்களின் நீர் பீலியில் வருவது. மலையூற்றிலிருந்து குழாய் வழியாகவோ மூங்கில் வழியாகவோ இறங்கும் அந்நீரே குடிப்பதற்கும் குளிப்பதற்கும் உரியது. பீலி வற்றுமா என்பது மலையுச்சியில் எது நிற்கின்றது என்பதைப் பொறுத்தது. கென்யாவின் கெரிச்சோவில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய நீரேந்து பரப்பாய்வு, நிலத்தை முற்றாக மூடி வளர்ந்த தேயிலையின் நீர்ச்செலவு காட்டின் நீர்ச்செலவினின்றும் பெரிதும் வேறுபடவில்லை எனக் காட்டிற்று. மறுபுறத்தில், தமிழ்நாட்டின் நீலகிரியில் கிளென்மோர்கன் என்னுமிடத்தில் இயற்கைப் புல்வெளியில் நீலயூக்கலிப்டசு நடப்பட்டபோது முதற் பத்தாண்டுகளில் ஓடைநீர் ஏறத்தாழ 16 வீதம் குறைந்தது. ஊவாவின் பத்தனைகளிலும் யூக்கலிப்டசு பரவலாக நடப்பட்டிருத்தலின், நீலகிரியின் பாடம் இங்கும் கருதத்தக்கது. மரம் நடுதல் எங்கும் நீரைப் பெருக்கும் என்னும் பொதுநம்பிக்கை, இழப்புக்கணக்கின் முன் திருத்தம் பெறுகின்றது. எம்மரம், எந்நிலத்தில், எதற்குப் பதிலாக என்பதே வினா.

அண்மைக் காலத்தின் உமா ஓயாப் பல்நோக்குத் திட்டம் இவ்வரலாற்றின் இறுதி அத்தியாயமாகும். 2008இல் தொடங்கிய இத்திட்டம் உமா ஓயாவின் நீரை மலையூடு குடையப்பட்ட சுரங்கவழியே தெற்கு நோக்கித் திருப்பி, 120 மெகாவாற்று மின்னை உற்பத்திசெய்து, மொனராகலை மாவட்டத்தின் வறண்ட வயல்களுக்கு அனுப்புவதாகும். தாழ்நிலத்துப் பயிர்களின் இழப்பை ஈடுசெய்வதே அதன் நீர்ப்பாசன நோக்கம். 2014 டிசெம்பரிற் சுரங்கத்தினுள் நிலத்தடிநீர் பெருமளவிற் பாயத் தொடங்கியதை அடுத்து, பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகளும் ஊற்றுக்களும் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017இல் மக்கள் பெருந்திரளாக எதிர்ப்புத் தெரிவித்தனர். திட்டம் 2024 ஏப்பிரலில் திறந்துவைக்கப்பட்டது. தாழ்நில உழவனின் தேவை உண்மையானது. அதனை மறுத்தல் நீதியன்று. ஆயின் பள்ளத்து வயலின் தேவையை மில்லிமீற்றரிற் கணித்த திட்டத்திற்கு, மேட்டுக் கிணற்றின் தேவையையும் அதே கவனத்தோடு கணிக்கும் கடமை உண்டு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஊவாவின் நீர்க்கணக்கு மூன்று படிகளினூடாக வளர்ந்துள்ளமை புலப்படும். ஊர்மக்கள் அளவைக் கருவியின்றி அளந்தனர். ஆனாற் குறையைப் பகிர்ந்துகொள்ள அறிந்திருந்தனர். தோட்டத்துரைமாரும் காலனித்துவ அதிகாரிகளும் வரவை நுட்பமாக அளந்தனர்; செலவை அறியவில்லை. 1948இற்குப் பிந்திய அறிவியல் செலவையும் அளந்தது. ஆனால் அச்செலவேட்டில் நெல்லுக்கும் தேயிலைக்கும் நிரல் வகுக்கப்பட்டதேயன்றிப் பீலிக்கும் கிணற்றுக்கும் வகுக்கப்படவில்லை.

பென்மனின் சமன்பாடு வெயிலையும் வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றையும் ஒன்றிணைத்தது. அதனைப் பயன்படுத்துவோர் இணைக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. வறண்ட ஆண்டின் குறையை யார் தாங்குவது என்ற வினாவே அஃது. பெத்ம வழக்கத்தைக் கைக்கொண்ட உழவர் அவ்வினாவிற்கு விடை வைத்திருந்தனர். வருங்காலத் திட்டங்கள் பென்மனின் நுட்பத்தோடு பெத்மவின் நீதியையும் சேர்த்துக்கொள்ளுமாயின், கச்சான் வீசும் மாதங்களிலும் வயலின் கடைமடையும் லயத்தின் பீலியும் ஒருங்கே நீர் காணும்.